பந்தயத்துக்கு ஒரு நாமினி

உஸாமா பணி ஓய்வு பெற்றபோது அவனுக்கு வயது இருபத்தாறு.

ஓய்வு விழா என்று எதுவும் நடக்கவில்லை. சால்வை கிடையாது, சுவர்க் கடிகாரம் கிடையாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவன் வேலை பார்த்த மொபைல் கடையின் வாட்ஸ்அப் குரூப்பில், மேனேஜரின் மீசை, மூளை, பரம்பரை ஆகிய மூன்றைப் பற்றியும் விரிவாக ஒரு செய்தி போட்டான். கடைசி வரியில் 'இனி உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்' என்று முடித்தான். முப்பது பேர் படித்தார்கள். ஐந்து பேர் கைதட்டும் பொம்மை போட்டார்கள்.

அதற்கு மறுநாள்தான், அவனுக்கு நாலரை லட்சம் ரூபாய் தர வேண்டியவன் காணாமல் போனான்.

"போலீஸ்ல சொல்லியிருக்கலாமே தம்பி?" என்றார் வள்ளிக்கண்ணு.

"எப்படி மேடம்? என்ன பணம்னு கேப்பாங்களே."

"சரி, நானும் கேக்கறேன். என்ன பணம்?"

உஸாமா நாற்காலியின் நுனிக்கு வந்தான். "ஐ.பி.எல். பெட் மேடம். ஏழு மேட்ச் வரிசையா சொன்னேன். ஏழும் கரெக்ட்."

"அப்பாடா" என்றான் ஓரத்து மேஜையிலிருந்த ஜோஸ். "நான்கூட ஏதோ தப்பான பணமோன்னு பயந்துட்டேன்."

வள்ளிக்கண்ணுவின் துப்பறியும் நிலையம் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில், ஒரு ஜூஸ் கடைக்கு மாடியில் இருக்கிறது. வாசல் போர்டில் 'திருமணத்துக்கு முன் விசாரணை, திருமணத்துக்குப் பின் விசாரணை' என்று எழுதியிருக்கும். முன் விசாரணைக்கு வருகிறவர்கள் கஞ்சத்தனம் பிடித்துக் கால்வாசி விசாரணையோடு நிறுத்திக்கொள்வதால்தான் பின் விசாரணைக்கு இவ்வளவு கூட்டம் என்பது ஜோஸின் ஆராய்ச்சி முடிவு. வள்ளிக்கண்ணுவுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. மாப்பிள்ளைப் பையன்களை விசாரித்து விசாரித்து, ஒரு பையன் உட்காரும் விதத்திலேயே அவன் மறைப்பது காதலா கடனா என்று சொல்லிவிடுவார். உதவியாளன் ஜோஸ் நாற்பது வயதுக்காரன். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். வேலை பாதி, வாய் பாதி.

"பணம் தர வேண்டியவர் பேரு?"

"ரெங்கராஜ். இங்க ஸ்ரீரங்கத்துலதான் ரூம் எடுத்து இருக்கான். பெட் கட்டற ஆப் எல்லாம் தடை பண்ணாங்கள்ல மேடம், அப்ப நாங்க திண்டாடிப் போயிட்டோம்."

"யாரு யாரு?"

"ஃப்ரெண்ட்ஸ் ஒரு பத்துப் பேரு. அப்ப ரெங்கராஜ்தான், துபாய்ல ஒரு பார்ட்டி இருக்கு, நான் போட்டுத் தரேன்னான். அன்னிலேருந்து எங்க பந்தயக் காசை வாங்கிக் கட்டற புக்கி அவன்தான்."

"ஒழுங்கா குடுப்பாரா?"

"சின்ன அமௌண்ட் ஜெயிச்சா அன்னிக்கே குடுத்துடுவான். நல்ல பையன் மேடம். அதான் நம்பினேன்."

"அவரு வேற என்ன வேலை பாக்கறாரு?"

உஸாமா யோசித்தான். "ஏதோ ஃபைனான்ஸ் கம்பெனி. கேட்டதில்ல."

"எத்தனை வருஷப் பழக்கம்?"

"காலேஜ்லேருந்து."

"நெருங்கின நட்புதான்" என்றான் ஜோஸ்.

வள்ளிக்கண்ணு ஜோஸைப் பார்த்த பார்வையில் ஜோஸ் ஃபேனைப் பார்த்தான். "ஆரம்பத்துல உங்களைச் சேர்த்துக்கறப்ப என்ன கேட்டாரு?"

"ஆதார், பான் கார்டு, ஒரு செல்ஃபி. அப்புறம் ஓடிபி வந்துச்சு, சொன்னேன். துபாய் பார்ட்டிக்கு இதெல்லாம் வேணுமாம். அப்புறம் நாமினி பேரு."

வள்ளிக்கண்ணு சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். "என்ன பேரு?"

"நாமினி மேடம். ஜெஸிமான்னு குடுத்தேன். அப்ப லவ் பண்ணிட்டிருந்தேன். இப்ப அது கல்யாணமாகி ஷார்ஜால இருக்கு."

"சூதாட்டத்துக்கு எதுக்குப்பா நாமினி?" என்றார் வள்ளிக்கண்ணு. "பேட்ஸ்மேன் அவுட் ஆனா காசு ஜெஸிமாவுக்குப் போகுமா?"

அந்தக் கேள்வியை உஸாமா அதுவரை தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. "ஃபார்ம்ல இருந்துச்சு மேடம். ஃபில் பண்ணேன்."

கட்டணம் பேசப்பட்டது. மீட்டுத் தரும் தொகையில் பத்து சதவிகிதம். உஸாமா உடனே சம்மதித்தான். வேலையில்லாதவர்களுக்கே உரிய தாராளம்.

ரெங்கராஜின் அறை அடையவளஞ்சான் தெருவில் ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்தது. மூவரும் போனபோது கீழே வீட்டுக்காரர், நெற்றி நிறையத் திருமண்ணோடு, எழுபது தாண்டியவர், வெற்றிலை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ரெங்கராஜனா? வெளியூர் போறேன்னு சொல்லிட்டுப் போனான். வாடகையைக் கையில குடுத்துட்டுத்தான் படி இறங்கினான். நல்ல பிள்ளை. பெருமாள் அவனுக்கு ஒரு குறையும் வைக்கப்படாது."

"எங்க வேலை பாக்கறாருங்க?" வள்ளிக்கண்ணு மிக சாதாரணமாகக் கேட்டார்.

"இந்தப் பென்ஷன் போட்டுக் குடுக்கற ஆபீஸ் இருக்கே, அதுல ஏஜென்ட். அடியேனையும் சேரச் சொன்னான். அப்புறம் அவனே, 'மாமா, உங்களுக்கு வயசு தாண்டிடுத்து'ன்னுட்டான்."

உஸாமாவுக்கு ஆச்சரியம். "பென்ஷனா?"

"கிரிக்கெட் பாப்பாரா?" என்றார் வள்ளிக்கண்ணு.

"எங்காத்து டிவி முன்னாடி வந்து நிப்பான். உக்கார மாட்டான். யார் ஜெயிச்சான்னு தெரிஞ்சதும் போயிடுவான். சென்னை ஜெயிச்சா மட்டும் மூஞ்சி தொங்கிப் போயிடும். மறுநாள்லேருந்து மூணு நாளைக்கு ஹோட்டல் பக்கமே போக மாட்டான். கோவில் அன்னதானத்துலதான் சாப்பாடு."

"நம்ம பசங்க எல்லாரும் சென்னை மேலதான் கட்டுவோம்" என்றான் உஸாமா.

மாடி அறை திறந்தே கிடந்தது. திருட வருகிறவன் ஏதாவது வைத்துவிட்டுப் போனால்தான் உண்டு என்ற நிலைமை. ஒரு பாய், ஒரு தட்டு, கொடியில் இரண்டு சட்டை, ஜோஸ் சுவிட்சைப் போட்டதும் நொண்டி நொண்டிச் சுற்றிய ஒரு ஃபேன். டிவி இல்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு சைக்கிள்.

"மேடம், பத்துப் பேரு பந்தயம் கட்டற புக்கி இவரு" என்றான் ஜோஸ். "நம்ம ஆபீஸ் ஃபேன் இதைவிட நல்லா சுத்தும். இந்தத் தொழில் இவ்வளவு நலிஞ்சு போச்சா?"

"பந்தயத்துல புக்கி ஏழையாகறது நான் பாத்ததேயில்ல" என்றார் வள்ளிக்கண்ணு. "மத்தவன் ஜெயிச்சா இவன் அன்னதானத்துல சாப்பிடறான். அப்ப துபாய் பார்ட்டி எங்க போனான்? தம்பி, உங்க போனைக் குடுங்க."

உஸாமா கொடுத்தான். வள்ளிக்கண்ணு மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு குறுஞ்செய்திகளைக் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனார்.

"அதெல்லாம் ஸ்பாம் மேடம். லோன் வேணுமா, பிளாட் வேணுமான்னு. நான் படிக்கறதேயில்ல."

"தெரியுது" என்று சொல்லிவிட்டு வள்ளிக்கண்ணு ஒரு இடத்தில் நின்றார். படித்தார். இன்னும் கொஞ்சம் தள்ளி, மறுபடி படித்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுக்காமல் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். "கடைசியா அவரு என்ன அனுப்பினாரு?"

"ஒரு வாய்ஸ் மெசேஜ். பெங்களூர்ல இருக்கேன்னு."

கைப்பையிலிருந்து போன் மறுபடி வெளியே வந்தது. ரெங்கராஜின் குரல் அறையில் கேட்டது. 'மச்சி, பெங்களூர்ல இருக்கேன்டா. பார்ட்டியப் பாக்க வந்தேன். கொஞ்சம் டைம் குடு, ஓடிட மாட்டேன்...' பின்னால் நீளமாக ஒரு ஊளைச் சத்தம் எழுந்து, மெல்லத் தேய்ந்து அடங்கியது.

"இன்னொரு தடவை போடுங்க" என்றான் ஜோஸ். கேட்டான். சிரித்தான். "பெங்களூர்ல எப்பலேருந்து மேடம் பொன்மலை ஒர்க்‌ஷாப் சங்கு ஊதறாங்க? எங்கப்பா இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் தினமும் சைக்கிள் எடுப்பாரு."

"உங்க கோஷ்டில பொன்மலைல யாரு தம்பி இருக்கா?"

"தர்மராஜ் அண்ணன் ஒருத்தர்தான். ஒர்க்‌ஷாப்ல வேலை. ஆனா அங்க இருக்க மாட்டான் மேடம். ரெங்கராஜ்கிட்ட இருக்கறதுலயே அதிகமா விட்டது அவருதான். கையில கெடைச்சா அடிச்சே போட்டுருவாரு."

"அதனாலதான் அங்க இருக்கான்" என்றார் வள்ளிக்கண்ணு. "ஜோஸ், வண்டிய எடு."

ஜோஸின் ஆம்னி வேன் காவிரிப் பாலத்தைத் தாண்டி, மெயின்கார்டு கேட் நெரிசலில் மூச்சுத் திணறி, பாலக்கரைக்கு வந்தபோது உஸாமா ஸீட்டில் தாழ்ந்து உட்கார்ந்தான். அவன் வீடு அந்தப் பக்கம்தான்.

"யாரைப் பாத்து ஒளியறீங்க?" என்றார் வள்ளிக்கண்ணு.

"அம்மா கடைக்கு வர நேரம். வேலைய விட்டது இன்னும் சொல்லல. அத்தா சவுதியிலேருந்து தினமும் போன் பண்றாரு. பெட்டு கட்டினதுன்னு தெரிஞ்சா, ஹராமான காசு வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு என்னையும் சேர்த்து வெளிய தள்ளிருவாரு."

"கவலைப்படாதீங்க, இதுவரைக்கும் காசு எதுவும் வரலையே" என்று ஜோஸ் ஆறுதல் சொன்னான்.

தர்மராஜின் குவார்ட்டர்ஸ் வேப்ப மரத்தடியில், வரிசையில் கடைசி வீடு. கதவைத் திறந்தது அவன் மனைவி ஜோதி. முப்பது வயதிருக்கும். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்.

"அவரு டூட்டிக்குப் போயிருக்காருங்க. வீட்ல வேற யாரும் இல்ல" என்றாள். உஸாமாவைப் பார்த்ததும் குரல் ஒரு கட்டை இறங்கியது. "வாங்க தம்பி."

"பரவால்லம்மா, சும்மா இந்தப் பக்கம் வந்தோம்" என்று வள்ளிக்கண்ணு வாசல் படியிலேயே நின்றுகொண்டு, ஜோஸ் பக்கம் திரும்பி, இடது புருவத்தை லேசாக உயர்த்தினார். ஜோஸுக்கு அந்தப் புருவத்தின் மொழி தெரியும்.

"அப்புறம் மேடம்" என்று தெருவுக்கே கேட்கும்படி ஆரம்பித்தான், "இன்னிக்கு மேட்ச் கேன்சலாமே! மழையாம். கட்டின பந்தயம் ஒண்ணுகூடச் செல்லாதாம்!"

உள்ளறையிலிருந்து ஒரு குரல், ஆழ்மனதிலிருந்து வந்தது. "பெருமாளே, பொழச்சேன்!"

ஜோதி தலையில் கை வைத்துக்கொண்டாள். உஸாமா அவளைத் தாண்டி உள்ளே பாய்ந்தான். அடுத்த நிமிடம், ஒல்லியாக, கண்ணாடி போட்ட, ரேஷன் கடை வரிசையில் நின்றால்கூடப் பின்னால் வருகிறவனுக்கு வழிவிடுவான் போலிருந்த ஒரு பையனின் சட்டைக் காலரோடு வெளியே வந்தான்.

"எங்கடா என் பணம்?"

"இருக்குடா" என்றான் ரெங்கராஜ்.

"குடுடா அப்ப!"

"இப்ப முடியாதுடா."

"எப்பதான் முடியும்?"

வள்ளிக்கண்ணு கைப்பையைத் திறந்தார்.

"அதை நான் சொல்றேன். உங்களுக்கு அறுபது வயசானதும்" என்று உஸாமாவின் போனை அவனிடமே நீட்டினார். "ஸ்பாம்னு சொன்னீங்களே, அதுல ஒண்ணைப் படிங்க. சத்தமா."

உஸாமா ஒரு கையால் காலரை விடாமல் படித்தான். "'அன்புள்ள சந்தாதாரரே, உங்கள் ஓய்வூதியக் கணக்கில் ரூபாய் இரண்டாயிரம் வரவு வைக்கப்பட்டது...'" நிறுத்தினான். "இது யாரோட கணக்கு?"

"மேல பேரு இருக்கு பாருங்க."

"என் பேரு."

"நீங்க தோக்கறப்பல்லாம் மறுநாள் இந்த மெசேஜ் வந்திருக்கு. ஒரு தடவைகூடத் தவறல. துபாய்ல பார்ட்டியும் இல்ல, கீர்ட்டியும் இல்ல. நீங்க கட்டின பந்தயம் எங்கயும் போகல. ஆதார், பான், செல்ஃபி, ஓடிபி, நாமினி, இதெல்லாம் புக்கி கேக்க மாட்டான் தம்பி. பென்ஷன் ஆபீஸ்லதான் கேப்பாங்க."

காலர் மெல்ல விடுபட்டது. உஸாமா திண்டாடினான். அவனை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்பது புரிந்தது. எந்தப் பக்கமாக என்பதுதான் புரியவில்லை.

"ஏன்டா இப்படிப் பண்ணே? எங்களைப் பாத்தா எப்படித் தெரியுது உனக்கு?"

"அவனைத் திட்டாதீங்க தம்பி" என்றாள் ஜோதி. "ஐடியா என்னோடது."

வள்ளிக்கண்ணு திரும்பினார். அன்றைக்கு அவர் எதிர்பார்க்காத முதல் வாக்கியம் அது.

"எங்க வீட்டுக்காரரு ஆப்ல வெளையாடி என் தாலிச் செயின் வரைக்கும் விட்டாரு. ஆப் எல்லாம் மூடினாங்க, திருந்திடுவாருன்னு நெனைச்சேன். மறுநாளே கேக்கறாரு, வேற எங்க கட்டலாம்னு. சண்டை போட்டேன், அழுதேன், அம்மா வீட்டுக்குப் போனேன். போன எடத்துக்கு ஸ்கோர் கேட்டு மெசேஜ் அனுப்பறாரு." ஜோதி குரலை உயர்த்தவேயில்லை. "அப்பதான், எனக்குப் பென்ஷன் போட்டுக் குடுத்த ரெங்கராஜைக் கூப்பிட்டேன். இவரு எங்கயாவது போய்த் தோக்கத்தான் போறாரு, உங்கிட்டயே வந்து தோக்கட்டும், அதை இவரு பேர்லயே எங்கயாவது போட்டுப் பூட்டி வையின்னேன். இவரு ஒருத்தருக்குத்தான் சொன்னேன். நல்ல புக்கின்னு இவரே போய் எல்லார்கிட்டயும் சொல்லிக் கூட்டிட்டு வந்துட்டாரு."

"தர்மராஜ் அண்ணனுக்குத் தெரியாதா?"

"இன்னமும் தெரியாது. புக்கிய ஒளிச்சு வச்சிருக்கோம், நன்றிக்கு அடுத்த மேட்ச்ல ஏதாச்சும் பாத்துச் செய்வான்னு நெனைச்சிட்டிருக்காரு. பொன்மலையிலேயே அதிகமா தோத்தது தான்தான்னு தெனம் புலம்பறாரு. உங்க கூட்டத்துலயே பெரிய பென்ஷன் அவருக்குத்தான்."

ஜோஸ் தொப்பி இல்லாத தலையிலிருந்து தொப்பியைக் கழற்றுவதுபோல் ஜோதிக்கு ஒரு மரியாதை செய்தான்.

உஸாமா வாசல்படியில் உட்கார்ந்தான். "ஆனா நான் ஜெயிச்சேன்ல? ஏழு மேட்ச்டா!"

"ஜெயிச்சேடா" என்றான் ரெங்கராஜ். "ஆனா யாரும் தோக்கலையே. காசை எங்கேருந்து எடுக்கறது?"

உஸாமா வேப்ப மரத்தை நிமிர்ந்து பார்த்தான். பிறகு, யாரிடம் என்றில்லாமல், "நான் வேலைய விட்டுட்டேன்" என்றான். அவன் குரல் உடைந்தது அப்போதுதான். காலையிலிருந்து அவனைக் கேலி செய்துகொண்டிருந்த ஜோஸ், வேனிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து அவனிடம் நீட்டினான்.

"மேடம்" என்றான் உஸாமா, "உங்க பீஸ்..."

"மீட்ட பணத்துல பத்து சதவிகிதம்" என்றார் வள்ளிக்கண்ணு. "மீட்டாச்சு. உங்க பேர்ல பத்திரமா இருக்கு. நீங்க அறுபதுல வாங்கறப்ப எனக்கு எண்பத்தஞ்சுக்கு மேல ஆயிருக்கும். மாடி ஏறி வந்து குடுங்க, என்னால எறங்க முடியாது."

ரெங்கராஜ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வள்ளிக்கண்ணு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லார் பேர்லயும் இருக்கு. உங்க பேர்ல எவ்வளவு தம்பி போட்டிருக்கீங்க?"

துடைப்பது நின்றது. "அடுத்த மாசத்துலேருந்து ஆரம்பிக்கணும் மேடம்."

"இத்தனை நாளா?"

"இவனுங்க நடுவுல நடுவுல ஜெயிச்சிட்டே இருந்தானுங்க மேடம். ஜெயிச்சதைக் குடுக்கலன்னா சந்தேகம் வந்து வேற யார்கிட்டயாவது போயிடுவானுங்க. பூட்டின காசை எடுக்க முடியாது. அதனால சம்பளத்துலேருந்து..." வாக்கியத்தை முடிக்காமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

இது ஜோதிக்கும் தெரியாது. "எங்கிட்ட சொல்லவேயில்லையேடா நீ" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் கண்ணில் நீர் முட்டியது. உஸாமா தலையை நிமிர்த்தி, காலேஜிலிருந்து பழகிய நண்பனை, முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தான். மூன்று மாதம் முன்பு ஜெயித்த ஆயிரத்து ஐந்நூறில் அவன் ரெங்கராஜுக்கே பிரியாணி வாங்கிக் கொடுத்திருக்கிறான். ரெங்கராஜ் இரண்டு தட்டு சாப்பிட்டான். அப்போது எல்லாரும் சிரித்தார்கள்.

வள்ளிக்கண்ணு உஸாமாவின் கையிலிருந்த போனைக் காட்டினார். "முதல்ல உங்க மேனேஜர்கிட்ட பேசுங்க."

மேனேஜர் உடனே எடுத்தார். நெடுநேரம் பேசினார். உஸாமா "சார்", "சரி சார்", "தப்புதான் சார்" என்ற மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டு வைத்தான்.

"என்னவாம்?" என்றார் வள்ளிக்கண்ணு.

"திங்கட்கிழமை வரலாமாம். ஆனா அதே குரூப்ல, அதே முப்பது பேரு பாக்கற மாதிரி, அவரு மீசை நல்லா இருக்குன்னு போடணுமாம்."

"மூளை, பரம்பரை?"

"அதைப் பத்தி எதுவும் சொல்லல."

"நியாயஸ்தர்" என்றான் ஜோஸ்.

உஸாமா அங்கேயே உட்கார்ந்து, மிகுந்த மனவலியோடு, மீசையைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்பினான். இந்த முறை பத்துப் பேர் கைதட்டினார்கள். பிறகு எழுந்து பேன்ட் பையில் கைவிட்டான். சில்லறை, பஸ் டிக்கெட், மடங்கிக் கிடந்த ஒற்றை ஐந்நூறு ரூபாய் நோட்டு. நோட்டை எடுத்து ரெங்கராஜ் முன்னால் நீட்டினான்.

"நாளைக்கு மேட்ச்ல போடு."

ஜோதி பதறினாள். "தம்பி, இவ்வளவு நடந்தும்..."

ரெங்கராஜ் கையை நீட்டவில்லை. "வேணாம்டா. போதும்டா. எந்த டீம்லயும் வேணாம்."

"தோக்கற டீம் எதுவோ அதுல போடு" என்று உஸாமா அவன் சட்டைப் பையிலேயே நோட்டைத் திணித்தான். "உன் பேர்ல."